ஏப்ரல் வீலருக்கு மனநோயா?

நீங்களும் உங்கள் மனைவியும் 2008-இல் வந்த ‘ரெவல்யூஷனரி ரோட்’ படத்தைச் சேர்ந்து பார்த்திருக்கிறீர்கள். கணவனுக்கு நல்ல வேலை, சொந்த வீடு, கார், இரண்டு குழந்தைகள். அவன் பெண்டாட்டியை அடிப்பவனும் இல்லை. அப்படியிருந்தும் ஏப்ரல் ஏன் இப்படித் தவிக்கிறாள், அவளுக்கு ஏதாவது மனநோயா, பிடிக்கவில்லை என்றால் விவாகரத்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்க, மனைவி பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிக் காட்சியில் அந்தக் கிழவர் காது மெஷினின் சத்தத்தைக் குறைப்பது எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் நாலைந்து இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: எல்லாம் இருக்கும் ஒருத்திக்கு வருத்தப்பட என்ன இருக்கிறது?

நான் கல்லூரியில் அமெரிக்க இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்தப் படத்துக்கு மூலமான ரிச்சர்ட் யேட்ஸின் 1961 நாவலைப் பல வருடம் எம்.ஏ. வகுப்பில் நடத்தினேன். படம் வந்த பிறகு அதையும் போட்டுக்காட்டி, நாவலோடு ஒப்பிட்டுப் பேசுவோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். மனநல மருத்துவம் நான் படித்ததில்லை. ஆகவே நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்தக் கேள்வியைக் கதைக்குள் யார் கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள் என்பதைச் சொல்ல முடியும். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

நீங்கள் கேட்ட அதே கேள்வியை ஏப்ரலின் கணவன் ஃப்ராங்க் படத்திலேயே கேட்டுவிடுகிறான். கருவைக் கலைக்க ஏப்ரல் வாங்கி ஒளித்துவைத்த ரப்பர் குழாய்க் கருவி அவன் கண்ணில் படுகிறது. அதுவரை அவன் செய்த வாதம் எல்லாம் பணம், வேலை, நேரம் பற்றித்தான். அன்றைக்குத்தான் பேச்சு திரும்புகிறது. புத்தி சரியாக இருக்கும் ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்கிறான், மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்கிறான். நாவலில் இது இன்னும் நீளமாகவே வருகிறது. ஏப்ரல் பெற்றோரிடம் வளராமல் அத்தைமாரிடம் வளர்ந்தவள். அந்தச் சின்ன வயது ஏக்கம்தான் உன்னைத் தாய்மையை வெறுக்க வைக்கிறது என்று ஃப்ராங்க் நாள்கணக்காக அவளுக்கு எடுத்துச் சொல்கிறான், தான் படித்த அரைகுறை உளவியலை எல்லாம் அவள் தலையில் கொட்டுகிறான். அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பிக்கிறாள். படத்தில் அந்தப் பிள்ளைப்பருவக் கதை முழுக்க வெட்டப்பட்டுவிட்டது. அதனால்தான் படம் மட்டும் பார்ப்பவர்களுக்கு, அவள் எங்கிருந்து இவ்வளவு கோபத்தோடு வந்தாள் என்று தோன்றுகிறது. உங்களுக்கும் அப்படித் தோன்றியிருந்தால் அதில் பாதிப் பொறுப்பு திரைக்கதையுடையது.

கதையில் மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்டவன் ஒருவன் இருக்கிறான், ஜான் கிவிங்ஸ். வீட்டுத் தரகு செய்யும் திருமதி கிவிங்ஸின் மகன், கணிதம் படித்தவன், மனநல மருத்துவமனையிலிருந்து சில மணி நேர அனுமதியில் வெளியே வருபவன். மின்அதிர்ச்சி கொடுத்துக் கொடுத்துத் தன் கணிதம் போய்விட்டது என்று சொல்கிறான். மைக்கேல் ஷானன் இரண்டே காட்சியில் வந்து ஆஸ்கர் பரிந்துரை வாங்கிய பாத்திரம் அது. வாழ்க்கை வெறுமையாக இருக்கிறது என்று பலரும் சொல்லிவிடுவார்கள், அதற்கு விடிவே இல்லை என்று பார்க்கத்தான் துணிச்சல் வேண்டும் என்கிறான். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாரிஸுக்குக் குடிபோகிறோம் என்று வீலர் தம்பதி, அதாவது ஃப்ராங்கும் ஏப்ரலும், சொன்னபோது அந்தத் தெருவிலேயே அதைப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். அப்புறம் பயணம் நின்றுபோனதும், உண்மையான காரணத்தை ஃப்ராங்க் முகத்துக்கு நேரே சொல்பவனும் அவன்தான். அந்தக் காலத்தில் பைத்தியம் என்ற சொல் யாருக்கு ஒட்டப்பட்டது என்பதைக் காட்டத்தான் யேட்ஸ் அவனை வைத்தார். இது என் வாசிப்பு என்றாலும் அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஜானை வாயடைக்க உதவிய அதே சொல்லை ஃப்ராங்க் தன் மனைவிமேல் எடுக்கும்போது, பார்ப்பவருக்குத் திக்கென்று இருக்க வேண்டும்.

சரி, நோய் இல்லை என்றால் பின்னே என்ன? படத்தின் முதல் சண்டையிலேயே பதில் இருக்கிறது. உள்ளூர் நாடகக் குழுவில் ஏப்ரல் நடித்த நாடகம் மோசமாகப் போய்விடுகிறது. நடிகையாக வேண்டும் என்று படித்தவள் அவள். வீடு திரும்பும் வழியில் காரில், இதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று கேட்கிறாள். அது சின்ன வேண்டுகோள். ஃப்ராங்கால் அதைத் தர முடியவில்லை. ஆறுதல் சொல்கிறான், அவள் வேண்டாம் என்கிறாள், தன் ஆறுதலை அவள் ஏற்றுக்கொள்ளவில்லையே என்று அவனுக்குக் கோபம் வருகிறது, காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு அவளைப் பேச வைக்கிறான். அவள்மேல் ஓங்கிய கையால் காரைக் குத்துகிறான். அடிக்கவில்லை என்று நீங்கள் எழுதியது சரிதான், எவ்வளவு அருகில் வந்து அடிக்கவில்லை என்பதையும் பாருங்கள். அவள் ஒப்புக்கொள்ளும்வரை பேச்சு முடியக் கூடாது என்பது அவன் இயல்பு. படத்தில் மற்ற எல்லாச் சண்டைகளும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கின்றன. அவனுக்கு வேண்டியது அவள் அன்பு மட்டும் இல்லை, தன்னைப் பற்றித் தான் சொல்லிக்கொள்ளும் கதைக்கு அவள் தலையாட்டவும் வேண்டும்.

அந்தக் கதை என்ன? தான் சாதாரண ஆள் இல்லை, இந்த அலுவலக வேலை தற்காலிகம், தனக்குள் பெரிதாக ஏதோ இருக்கிறது என்பது. அவனை முதன்முதலில் ஒரு விருந்தில் பார்த்தபோது ஏப்ரலும் அதை நம்பித்தான் காதலித்தாள். ஏழு வருடம் கழித்தும் அவள் அதை நம்புகிறாள், அவன்தான் நம்புவதை நிறுத்திவிட்டான். பாரிஸ் திட்டம் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம், கனவு காண்பவள் ஏப்ரல், நடைமுறை தெரிந்தவன் ஃப்ராங்க் என்று யாராவது ஒரு மாணவர் எழுந்து சொல்வார். காட்சியை மறுபடி போட்டுக் காட்டுவேன். கணக்குப் போட்டு வைத்திருப்பவள் அவள். சேமிப்பு எவ்வளவு, வீட்டையும் காரையும் விற்றால் எவ்வளவு, வெளிநாட்டில் இருக்கும் அரசு அலுவலகங்களில் செயலாளர் வேலைக்கு என்ன சம்பளம் என்று எல்லாம் விசாரித்து வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். அந்தத் திட்டத்தில் சம்பாதிக்கப் போகிறவள் அவள். அவன் வீட்டில் இருந்து, படித்து, யோசித்து, தனக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கலாம். அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் இதைக் கேட்டவர்கள் முகம் போன போக்கைக் கவனியுங்கள். பாரிஸ் அவர்களுக்கு விசித்திரமாகப் படவில்லை, மனைவி சம்பாதிக்கக் கணவன் சும்மா இருப்பான் என்பதுதான் தொண்டையில் சிக்குகிறது. கதை நடப்பது 1955-இல் என்பதை மறக்கக் கூடாது.

அவளுக்குப் பாரிஸ்மேல் அப்படி ஒன்றும் பைத்தியமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போருக்காகப் போய் அந்த ஊரைப் பார்த்தவன், அதைப் பற்றிப் பெருமை பேசியவன் ஃப்ராங்க். அவன் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டு, சரி, வா போகலாம் என்று நின்றாள். அப்போது அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அங்கே போய், நேரமும் கையில் இருந்து, தனக்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால்? அந்தப் பயம் ரொம்ப மனிதத்தனமானது, அதற்காக நான் ஃப்ராங்கை வெறுக்க மாட்டேன். போகப் போகிறோம் என்ற மிதப்பில் அலட்சியமாக அவன் சொல்லி எழுதவைத்த ஒரு விளம்பரக் குறிப்பு முதலாளிகளுக்குப் பிடித்துப்போய், கணினிப் பிரிவில் பதவி உயர்வு வருகிறது. அக்கறையே இல்லாமல் செய்ததற்குக் கிடைத்த பாராட்டு அது. அவன் அப்பா இருபது வருடம் உழைத்தும் பெயர் தெரியாமல் போன அதே கம்பெனியில் மகனை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறார். அந்த மதிய உணவுக் காட்சியில் ஃப்ராங்காக நடித்த டிகாப்ரியோவின் முகத்தில் முதல்தடவையாக நிம்மதி தெரியும். யேட்ஸ் தானே 1950-களில் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்துக்கு விளம்பரம் எழுதிப் பிழைத்தவர். அதனால்தான் நாவலில் அந்த அலுவலகப் பக்கங்களில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லை.

மூன்றாவது கர்ப்பம் தெரியவந்ததும் ஏப்ரல் அழுதுகொண்டு சொல்கிறாள், ஃப்ராங்க் வருத்தப்படுவதுபோல் இருக்கிறான், ஆனால் அவனுக்கு வெளியேற ஒரு கதவு கிடைத்துவிட்டது. இங்கேதான் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படம் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. 1955-இல் வாழ்ந்த அமெரிக்கப் பார்வையாளருக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நமக்குத் தெரியாது. கதை நடப்பது கனெக்டிகட் மாநிலத்தில். அங்கே 1879-இல் போட்ட ஒரு சட்டப்படி, கருத்தடைச் சாதனத்தைப் பயன்படுத்துவதே குற்றம், கல்யாணமானவர்களுக்கும் சேர்த்து. நடைமுறையில் வசதியுள்ளவர்களுக்குத் தனி மருத்துவர்கள் உதவினார்கள் என்றாலும் சட்டம் சட்டமாகவே இருந்தது. அந்த மாநிலத்துச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-இல்தான் ரத்து செய்தது. கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது 1960-இல். கருக்கலைப்பு நாடு முழுக்க உரிமையானது 1973-இல் (அந்தத் தீர்ப்பையும் 2022-இல் அதே நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது). ஆக, ஏப்ரலுக்கு அந்தக் குளியலறையைத் தவிர வேறு இடம் இல்லை. முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் செய்துவிட்டால் ஆபத்தில்லை என்று அவள் நம்புகிறாள். அந்தப் பன்னிரண்டு வாரத்தை ஃப்ராங்க் பேசிப் பேசியே கடத்திவிடுகிறான்.

விவாகரத்து வாங்கியிருக்கலாமே என்றீர்கள். அன்றைக்கு அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில், இருவருக்கும் ஒத்துவரவில்லை என்று மட்டும் சொல்லிப் பிரிய முடியாது. ஒருவர் தப்புச் செய்தார் என்று இன்னொருவர் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பக்கத்து மாநிலமான நியூயார்க்கில் கள்ளத்தொடர்பு ஒன்றுதான் ஏற்கத்தக்க காரணம், 1966-இல் சட்டம் திருத்தப்படும்வரை. யார்மேலும் குற்றம் சுமத்தாமல் பிரியலாம் என்ற முறை 1969-இல் கலிபோர்னியா சட்டம் இயற்றிய பிறகே நாடெங்கும் பரவியது. மனைவிக்குக் கணவன் கையெழுத்து இல்லாமல் வங்கி கடன் தர மறுப்பது சட்டவிரோதமானதும் 1974-இல்தான். வேலை இல்லாத, இரண்டு குழந்தையும் வயிற்றில் ஒன்றுமாக இருக்கும் ஒருத்தி, இதையெல்லாம் தாண்டிப் போயிருக்கலாமா என்றால், போனவர்கள் இருந்தார்கள். சுலபமாக யாரும் போகவில்லை.

வீலர் தம்பதி குடியிருந்த புறநகரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944-இல் வந்த சட்டம் வீட்டுக் கடனை எளிதாக்கியது. 1947-இல் தொடங்கி, நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்ற ஒரே குடியிருப்பில் மட்டும் 17,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழும்பின. கறுப்பினத்தவருக்கு அங்கே இடம் கிடையாது, ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள். இந்த வீடுகளையும், காலையில் தொப்பி போட்டுக்கொண்டு ரயிலேறும் ஆண்களையும், ஜன்னலோரம் நிற்கும் பெண்களையும் வைத்து, புறநகர்தான் மனிதரைக் கொன்றது என்று சொல்லிவிடுவது எளிது. படம் வந்தபோது பல விமர்சகர்கள் அப்படித்தான் எழுதினார்கள். யேட்ஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 1972-இல் கொடுத்த ஒரு பேட்டியில், தன் நாவலைப் புறநகருக்கு எதிரானதாகப் பலர் படித்தது தனக்கு ஏமாற்றம் என்றும், எல்லாவற்றுக்கும் புறநகர்தான் காரணம் என்று நினைத்தது வீலர் தம்பதியின் மயக்கம், தன்னுடையது அல்ல என்றும் சொல்லியிருக்கிறார். இதை வைத்துப் படத்தைத் திரும்பப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் எல்லாம் மந்தை, நாம் மட்டும் வேறு என்ற நினைப்புத்தான் ஃப்ராங்கையும் ஏப்ரலையும் சேர்த்து வைத்திருந்த ஒரே பசை. அவர்கள் சந்தோஷமாகச் சிரிக்கும் இடமெல்லாம் அடுத்த வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கும் இடம்தான். அந்த நினைப்பு போனதும் இருவருக்கும் இடையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. இந்த விஷயத்தில் ஏப்ரலும் குற்றமற்றவள் அல்ல.

இயக்குநர் சாம் மெண்டிஸ் இதை ஓரளவுதான் பிடித்தார் என்பது என் கருத்து. மற்றபடி அவர் ரொம்ப நன்றாகச் செய்த காட்சி ஒன்று உண்டு. நான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதே அதற்காகத்தான்: அந்தக் காலை உணவு. முந்தைய நாள் ஜான் வந்து போன பிறகு நடந்த சண்டை வீட்டையே கிழித்துப்போட்டது, ஏப்ரல் காட்டுக்குள் ஓடினாள். காலையில் ஃப்ராங்க் இறங்கி வந்தால் அவள் சுத்தமாக உடுத்திக்கொண்டு, முட்டை எப்படி வேண்டும் என்று கேட்கிறாள். வேலை பற்றி விசாரிக்கிறாள். அவன் தயங்கித் தயங்கிக் கணினி எப்படி வேலை செய்யும் என்று படம் வரைந்து காட்டுகிறான், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான், “அவ்வளவு சண்டைக்கு அப்புறம் எதுக்கு மேடம் முட்டை பொரிச்சுக் குடுத்தா? சமாதானமா?” பின் வரிசையில் கல்யாணமாகி, குழந்தை பெற்று, திரும்பப் படிக்க வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் வாய் திறக்கும் முன் அவள் சொன்னாள், “சமாதானம் இல்ல. சண்டை போடுறத நிறுத்திட்டா.” இருபது வருடம் அந்த நாவலை நடத்திய நான் அதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. ஃப்ராங்குக்கு வேண்டியதெல்லாம் அந்த மேஜையில் இருக்கிறது: புன்னகை, கவனிப்பு, ஒப்புதல். அவன் அவளை அடையாளம் காணாமல் நன்றி சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறான். ராஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவில் அந்தச் சமையலறை படத்திலேயே வெளிச்சமான இடம்.

அதற்குப் பிறகு நடந்ததில் எது நிச்சயம், எது நம் ஊகம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அவள் தனியாகக் கருவைக் கலைக்க முயன்றாள், ரத்தம் நிற்கவில்லை, அவளே தொலைபேசியில் உதவிக்கு அழைத்தாள், மருத்துவமனையில் இறந்தாள். இது நிச்சயம். சாக வேண்டும் என்று செய்தாளா என்பது ஊகம். படத்தில் அவள் உதவிக்கு அழைப்பதை வைத்துப் பார்த்தால், பிழைக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள் என்று வாதிடலாம். நாவலிலோ, என்ன நடந்தாலும் நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே என்று ஃப்ராங்குக்கு ஒரு சீட்டு எழுதி வைக்கிறாள், பன்னிரண்டு வாரம் கடந்தது அவளுக்குத் தெரியும். நான் இரண்டு பக்கமும் மாணவர்களை வாதாட விட்டிருக்கிறேன், இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. நாவலில் பெரும்பாலும் ஃப்ராங்கின் மனசுக்குள்தான் நாம் இருப்போம். ஏப்ரலின் மனசுக்குள் யேட்ஸ் நம்மை விடுவது அந்தக் கடைசி நாளில்தான். அதுவரை நாமும் அவளை ஃப்ராங்க் பார்த்தது மாதிரியே, புரியாத பெண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் ஏப்ரலாக நடித்த கேட் வின்ஸ்லெட் அந்தக் குறையை முகத்தாலேயே ஈடுகட்டுகிறார். நீங்கள் ஃப்ராங்க் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை, கதை சொல்லப்படும் விதமே அப்படி.

காது மெஷினுக்கு வருகிறேன். வீலர் தம்பதி குடிவந்தபோது அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடிய திருமதி கிவிங்ஸ், எல்லாம் முடிந்த பிறகு, அவர்கள் ஒரு மாதிரியான ஆட்கள், வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை, எனக்கு அப்போதே பிடிக்கவில்லை என்று கணவரிடம் பேசிக்கொண்டே போகிறார். கணவர் மெல்லக் கைவைத்துக் காது மெஷினின் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார். அவள் வாய் அசைகிறது, நமக்கும் ஒன்றும் கேட்பதில்லை. வகுப்பில் இதற்குச் சிரிப்பு எழும், உடனே அடங்கியும் விடும். நீண்ட காலம் நிலைத்த கல்யாணம் இதுதான், காதை மூடிக்கொள்வதால் நிலைத்தது என்று சிலர் சொல்வார்கள், அது ஒரு பாதிதான். பேசுவதையே ஃப்ராங்க் ஆயுதமாக வைத்திருந்தான், ஏப்ரல் பேச்சை நிறுத்தக் கேட்டுக் கடைசிவரை கிடைக்காமல் போனாள். இந்தக் கிழவருக்கு மட்டும் கையில் ஒரு திருகு இருக்கிறது. அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும் அம்மாளுக்கு அது தெரியாது. உங்கள் மனைவி பதில் சொல்லாமல் எழுந்து போனது எதனால் என்று நான் சொல்ல முடியாது. அவர் படத்தில் எந்த இடத்தில் எழுந்து போனார் என்று நீங்கள் எழுதவில்லை, அந்த இடம் எது என்று அவரிடமே கேளுங்கள்.